ஊரை அறிந்தவர் தேர்தலில் நிற்பது ஏன்?

நெடுங்காலம் ஊரில் வாழ்ந்த ஒருவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னால், ‘நல்ல மனிதராயிற்றே, இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பதவி என்றாலே பணம் சேர்க்கும் வழி என்று நாம் எண்ணிப் பழகியதன் விளைவு இது. நல்லவர் ஒதுங்கிக்கொண்டால் அவ்விருக்கை காலியாக இருப்பதில்லை. வேறொருவர் வந்து அமர்வார். ஆதலின் வினாவை மாற்றிக் கேட்போம்: ஊரை அறிந்தவர் நிற்காவிடில் ஊருக்கு நேரும் இழப்பு யாது?

கட்டுமாவடி முதலான நம் கடற்கரை ஊர்களுக்கு அவ்விழப்பு புதிதன்று. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. அம்மாதம் 24ஆம் நாளோடு பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது தமிழகத்தின் எந்தக் கிராம ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ உறுப்பினரோ இல்லை. தென்னைகள் சாய்ந்தன, படகுகள் நொறுங்கின, மின்கம்பங்கள் வீழ்ந்தன.

அலுவலர்கள் உழைக்கவில்லை என்று நாம் குறை கூறவில்லை. ஆயின் ஓர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அனைத்தையும் பார்க்க வேண்டிய அலுவலர், எந்தத் தெருவில் துணையற்ற மூதாட்டி வாழ்கிறார், எவருடைய கூரை சென்ற மழையிலேயே ஒழுகியது, நிவாரணப் பட்டியலில் விடுபட்ட குடும்பம் எது என்பவற்றை எவ்வாறு அறிவார்? அது கோப்பில் கிடைக்கும் அறிவன்று. பல்லாண்டு உடன் வாழ்ந்தவர்க்கே வாய்க்கும் அறிவு. அத்துடன், நள்ளிரவிலும் ஊரார் உரிமையோடு தட்டக்கூடிய ஒரு கதவு வேண்டும். ஊரை அறிந்தவர் தேர்தலில் நிற்பதற்கு இதனினும் சிறந்த காரணம் வேண்டுவதில்லை.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கு விதித்த கடமைகளும் இத்தகையனவே: சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், துப்புரவு, அடக்கத்தலம். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் இல்லை என்பதும் நினைக்கத் தக்கது. அங்கே எடைபோடப்படுவது கொடியன்று, மனிதர்.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. முன்னர் தோற்றும் தளராது மீண்டும் நின்ற மூதாட்டி வீரம்மாள், 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரானார். அவர் பதவியில் இருந்த 2022ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பகுதி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் அச்சுறுத்தியபோது, அவ்வட்டாரக் கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. மக்கள் போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் உடன்சேர, 2025 ஜனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. ஊரின் குரல் ஒலிக்க ஊருக்குள் ஓர் அவை இருந்தது என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது.

எனினும், ஊரை அறிந்திருத்தல் மட்டும் தகுதியாகிவிடாது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலையிலிருந்தே விலக்கியது. அவ்வவை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை; ஆயினும் அவ்விதி இன்றும் பொருந்துவது. பதவி ஓர் அமானிதம். கணக்கின்றி அமானிதம் இல்லை.

ஆகவே பெரியவர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். சண்டை வேண்டாமென்று ஊர் கூடி ஒருவரைப் போட்டியின்றித் தேர்வது நன்றே. ஆயின் அதிகத் தொகை தருபவர்க்கே பதவி என்று ஏலம் விடுவது, அத்தொகை பள்ளிக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போவதாயினும், ஊரின் உரிமையை விற்பதேயாகும். பணம் கொடுத்து வாங்கியவர் யாருக்குக் கணக்குக் காட்டுவார்? மேலும், சரிபாதி இடங்கள் மகளிர்க்கென 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. மனைவியின் பெயரில் கணவர் ஆள்வது அச்சட்டத்தை ஏய்ப்பதாகும்.

புதுக்கோட்டை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே வந்தனர். புயல் தேர்தல் அட்டவணை பார்த்து வருவதில்லை. எனவே தேர்தலை உரிய காலத்தில் நடத்துக எனக் கேட்பதும் குடிமக்களாகிய நம் கடமை.

மாணவர்களே, 21 வயது நிரம்பினால் நீங்களும் நிற்கலாம். அதுவரை கிராமசபைக்குச் செல்லுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் ‘ஏன் நிற்கிறீர்கள்?’ என்று வினவுங்கள். ஊரின் குறைகளைத் தெருவாரியாக எடுத்துரைப்பவர்க்கும், ஆண்டுதோறும் கணக்கை ஊர்முன் வைப்பேன் என்பவர்க்கும் துணை நில்லுங்கள்.