நீல முகப் பையனும் ஒரு பேராசிரியரும்

"அந்தக் குட்டி நட்சத்திரம் இப்போ என்ன ஆனார் தெரியுமா?"... இந்த மாதிரி தலைப்பைப் பார்த்தால் கை தானாகவே சொடுக்கிவிடும். உள்ளே போனால் ஒருத்தர் போதைக்கு அடிமை, ஒருத்தர் ஜெயில், ஒருத்தர் திவால். கடைசியில் "பாவம், இப்போது ஏதோ காலேஜில் பாடம் நடத்துகிறார்" என்று ஒரு வரி. போதை, ஜெயில், வாத்தியார் வேலை மூன்றும் ஒரே பட்டியலில்! எப்படி இருக்கிறது கதை?

மைக்கேல் பர்ன்ஸ் என்று ஒரு அமெரிக்கர். 1947-ல் பிறந்தவர். 14 வயதில் 'இட்ஸ் எ மேன்'ஸ் வேர்ல்ட்' என்ற டிவி தொடரில் முக்கிய வேஷம். அடுத்து 1963 முதல் 1965 வரை 'வேகன் டிரெயின்' தொடரில் பார்னபி வெஸ்ட் என்ற பையன். ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது இதெல்லாம் இல்லை. 1967 ஜனவரியில் வந்த 'டிராக்னெட்' தொடரின் ஒரே ஒரு எபிசோட்தான். முகத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள் பூசிக்கொண்டு, எல்.எஸ்.டி. போதையில் மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் பையன். 'ப்ளூ பாய்' என்று பெயர். அரை மணி நேர எபிசோட், அவ்வளவுதான். இன்றைக்கும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் என்ன செய்தான்? 1970களில் நடிப்பை விட்டான். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கினான். (இனி 'ர்' போடுவதுதான் மரியாதை.) மாசசூசெட்ஸில் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஐரோப்பிய வரலாறு, அதிலும் முக்கியமாக டிரேஃபஸ் வழக்கு, அவருடைய துறை.

அந்த வழக்கு தெரியாதவர்களுக்கு: 1894-ல் பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி ஆல்ஃபிரட் டிரேஃபஸை தேசத் துரோகி என்று தண்டித்து, டெவில்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் வெறி பிடித்து எழுதின. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆனது. பர்ன்ஸின் 1991 புத்தகம் வழக்கோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தையே 1789-லிருந்து 1945 வரை தொடர்ந்து போகிறது. டிரேஃபஸின் பேத்தி மாட்லென் லெவி ஆஷ்விட்ஸில் செத்துப்போனது வரைக்கும்.

ஒரு மனுஷனைப் பத்திரிகைகள் எப்படி ஒரே ஒரு படத்துக்குள் அடைத்து வைத்தன என்று படித்துப் படித்து எழுதியவர். அவரையே ஒரு நீல முகத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். இதைவிட வேடிக்கை உண்டா?

"நடிப்பில் தோற்றவர்கள்தானே வாத்தியார் ஆகிறார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பர்ன்ஸ் 1969-லேயே ராபர்ட் ஆல்ட்மேன் படத்தில் முக்கிய வேஷத்தில் நடித்தவர். சரி, தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? குழந்தையாக இருக்கும்போது பெரியவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வேலையில் சாகும்வரை இருந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இருந்த சட்டமோ வேறு விஷயத்துக்கு. ஜாக்கி கூகன் சிறுவனாகச் சம்பாதித்த பணத்தை அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட, அவர் 1938-ல் வழக்குப் போட, 1939-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. அதிலும் ஓட்டைகள். குழந்தை சம்பாதிப்பது குழந்தைக்கே சொந்தம் என்று தெளிவாக எழுத 2000 வரை ஆனது! அந்த 61 வருஷத்தைப் பற்றி "இப்போ என்ன ஆனார்" கோஷ்டி வாயே திறக்காது.

2018-ல் 'காஸ்பி ஷோ' நடிகர் ஜெஃப்ரி ஓவன்ஸ் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நின்றதைப் படம் பிடித்துப் போட்டுக் கேலி செய்தார்கள். ஜனங்கள் திருப்பித் திட்டிய பிறகுதான் அடங்கினார்கள். அவரும் நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்தான். அந்தப் படத்துக்குக் கீழே அதை எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.