ஏறி வருபவருக்கே முதல் வழி!



மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் அறிந்த விதி ஒன்று உண்டு. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்கி வரும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். பாரத்தோடு ஏறி வருகிற வண்டிக்கே முதல் வழி. ஏற்றத்தில் அது நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். பொள்ளாச்சி - வால்பாறை மாநில நெடுஞ்சாலையைப் பற்றிய பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் இந்த விதிதான் என் நினைவுக்கு வருகிறது.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வால்பாறைக்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனை, இந்தப் பாதையை வகுத்த லோம் என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலையை நேராகப் பிளந்துகொண்டு ஏற முடியாது. அதன் போக்குக்கு வளைந்து கொடுத்தே ஏற வேண்டும்.

இந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது? தோட்ட முதலாளிகளின் தேயிலை கீழே இறங்குவதற்காக. மேலே ஏறியவர்கள் யார்? கங்காணிகளின் ஆசை வார்த்தைகளை நம்பி வந்த சமவெளி ஏழைகள். அவர்கள் பட்ட பாடுகளை, அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கில நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் அது வந்திருக்கிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. இந்தச் சாலையோ 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. சாலையோரப் பாறைகளில் வரையாடுகள் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள் புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடந்தபோது அடிபட்டுச் செத்திருக்கின்றன. அவை மரம் விட்டு மரம் போக, சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று! உயர்நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ் முறை, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்தது. இது வரவேற்க வேண்டிய முடிவே. படைப்பு நம் கேளிக்கைப் பொருள் அல்ல.

ஆனால் இந்த விவாதத்தில் இரண்டு குரல்களே உரக்கக் கேட்கின்றன. ஒன்று சுற்றுலாவின் குரல், மற்றது வனவிலங்குகளுக்கான குரல். மூன்றாவது குரல் எங்கே? லைன் வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளியின் குரல்! வால்பாறையில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் நோய் முற்றினால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ இறங்கியாக வேண்டும். பிரசவ வேதனையோடு நாற்பது வளைவுகளையும் கடக்கும் ஒரு தாய்க்கு இந்தச் சாலை காட்சிமுனை அல்ல, சிலுவைப் பாதை.

இன்று கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஏழைகள் இதே மலைக்கு வருகிறார்கள். 2025 ஜூன் மாதம் ஜார்க்கண்ட் தொழிலாளியின் மகளைச் சிறுத்தையும், ஆகஸ்ட் மாதம் அசாம் தொழிலாளியின் மகனைக் கரடியும் கொன்றன. காட்டைக் காக்கும் சட்டத்தின் பாரத்தை, காட்டோரம் வாழும் ஏழை மட்டும் சுமப்பது நீதியா?

இயேசு ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியர் உவமையும் (லூக் 10:25-37) ஒரு மலைப்பாதையில்தான் நடக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். குருவும் லேவியரும் ஒதுங்கிப் போனார்கள். குருவாகிய எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும். சமாரியருக்கும் போக வேண்டிய ஊர் இருந்தது. ஆயினும் அடிபட்டுக் கிடந்தவருக்காகத் தம் பயணத்தை நிறுத்தினார்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றே கற்பிக்கிறது. எனவே 'குரங்கா, மனிதனா?' என்பது தவறான கேள்வி. வேகத்தைக் குறைத்தால் குரங்கும் பிழைக்கும், நோயாளியை ஏற்றிய வண்டிக்கும் வழி கிடைக்கும். மலையிலேயே நல்ல சிகிச்சை கிடைத்தால் இரவுப் பயணமே குறையும். லைன் வீடுகளைச் சுற்றியுள்ள புதர்களை அகற்றி விளக்கு போட்டால் சிறுத்தையின் ஆபத்தும் குறையும். யானைகள் அருகில் இருப்பதை கைப்பேசி வழியாக மக்களுக்கு அறிவிக்கும் முறை வால்பாறையில் உயிர்களைக் காத்து வருகிறதே! மனமிருந்தால் மனிதரும் விலங்குகளும் சேர்ந்து வாழ வழியுண்டு.

நம் பங்குகளிலிருந்தும் வண்டி பிடித்துச் சுற்றுலா போகிறோம். அடுத்த முறை போகும்போது மெதுவாகப் போவோம். குரங்குகளுக்குத் தீனி போடாதிருப்போம். குப்பையைத் திரும்பக் கொண்டு வருவோம். கூடையோடு சாலையோரம் நடக்கும் அந்தச் சகோதரிக்காக வண்டியை ஒதுக்குவோம். பாரத்தோடு ஏறுகிறவர் அவர்தான். முதல் வழி அவருக்கே.

சிந்திப்போம்! வழிவிடுவோம்!