குதிரைத் திறனும் குடும்பக் காரும்

எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்து ஏழு மாதமாகிறது. மகனும் நானும் பங்கு போட்டு வாங்கியது. மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ, 79 கிலோவாட் மணி பாட்டரி கொண்டது. குப்பத்தில் அதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்? எவ்வளவு வேகம் எடுக்கும்? முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவதைப் பற்றித்தான் நம் அன்பர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான வண்டி என்பதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சத்தமில்லை, புகையில்லை, கியர் மாற்றும் வேலையில்லை. 656 கிலோமீட்டர் என்பது சோதனைக் கணக்கு. ஏசி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் குறையத்தான் செய்யும். எந்த மின்சார வண்டிக்கும் அப்படித்தான்.

ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கு இதன் உட்புறம் பழகிய விஷயம். மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் தரும். இறக்கத்தில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஜோலார்பேட்டைக்கு இறங்கும் ரயிலில் மும்முனை மின்சார இஞ்சின் மேலே உள்ள கம்பிக்கு அனுப்புவதை, இந்தக் கார் பாட்டரிக்கு அனுப்புகிறது, அவ்வளவே. இதைச் சிலர் இலவச மின்சாரம் போலப் பேசுகிறார்கள். குப்பத்திலிருந்து நாட்றம்பள்ளிப் பக்கம் 250 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 2,300 கிலோ எடைக்கு ஒன்றரை யூனிட்தான் வருகிறது. அதிலும் பெரும்பகுதியை டயரும் காற்றும் தின்றுவிடும்.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். இதன் மோட்டார் 210 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 285 குதிரைத் திறன். நாங்கள் பணியாற்றிய காலத்தில் நீண்ட ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இஞ்சினுக்கு 2,600 குதிரைத் திறன். ஒன்பது கார் சேர்ந்தால் ஓர் இஞ்சின்! அந்த இஞ்சின் நூற்றுப்பத்து டன்னுக்கு மேல் எடை. இதுவோ ஏறக்குறைய இரண்டு டன். நின்ற நிலையிலிருந்து 6.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. போதாக்குறைக்கு, குடும்பக் காரில் 'ரேஸ்' என்ற பெயரிலேயே ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள்.

அதை நானும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். திருப்பத்தூரில் மச்சினி வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அழுத்தினேன். மூன்று விநாடியில் லாரி பின்னால் போய்விட்டது. எதிரே பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள், அதில் ஒரு பையன். இடது பக்கம் ஒடித்ததில் அவன் மண்ணில் இறங்கித் தப்பித்தான். குற்றம் வண்டியின் மீதில்லை, என் வலது காலின் மீது. சத்தம் இல்லாததால் 70-இலிருந்து 110-க்குப் போனதே எனக்கு உறைக்கவில்லை. மனைவி வழியில் ஒன்றும் பேசவில்லை. விசேஷ வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருசம் ரயில்ல இருந்தீங்களே, இப்ப எந்த வண்டியப் பிடிக்கப் போனோம்?"

அன்று முதல் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ரயிலில் ஓட்டுநர் ஆவதற்கு முன் உதவியாளராக இருக்க வேண்டும். மனநிலைச் சோதனை உண்டு. ஒரு பகுதியில் வண்டி ஓட்டுமுன் அந்தப் பாதையின் வளைவு, ஏற்றம், சிக்னல் எல்லாம் கற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நீண்ட நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் மறுபடி கற்க வேண்டும். சாலையிலோ, 1983-இல் வந்த நாற்பது குதிரைத் திறன்கூட இல்லாத மாருதி 800-க்கும், 285 குதிரைத் திறன் காருக்கும் ஒரே லைசென்ஸ். பதினெட்டு வயதுப் பிள்ளை நேற்று வாங்கியதை வைத்துக்கொண்டு இன்று இதில் ஏறலாம். சட்டம் தடுக்காது. வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதை அவன் பரீட்சையில் எழுதியிருப்பான், காலால் அறிந்திருக்க மாட்டான். திறனுக்கு ஏற்பத் தனி லைசென்ஸ் வேண்டும் என்பது என் துணிபு. இதைச் சொன்னால் முன்னேற்றத்துக்கு எதிரி என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். அவர் மகனுக்கு மோட்டார் சைக்கிளே ஆறு மாதம் தராமல் வைத்திருந்தவர் அவர்!

சட்டம் வருகிறபோது வரட்டும். வீட்டில் நான் விதி போட்டுவிட்டேன். வண்டி 'ரேஞ்ச்' முறையில்தான் கிளம்ப வேண்டும். புதிதாக ஓட்டுபவர் முதலில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாட்றம்பள்ளி வரை இரண்டு முறை போய் வர வேண்டும். சென்ற சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த மகன், "அப்பா, கையெழுத்தும் போடணுமா?" என்று சிரித்தான். பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், போட்டான். அடுத்த ஞாயிறு மருமகளின் முறை.