கபீரைத் தொகுத்தவர்கள்

15ஆம் நூற்றாண்டில் வாராணசியில் வாழ்ந்த கபீர், ஜுலாஹா என்னும் முஸ்லிம் நெசவாளர் வகுப்பைச் சேர்ந்தவர். பெயர் அரபிச் சொல். இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. ஆனால் பாடல்களில் அவர் ஓயாமல் அழைப்பது ராமனை. அந்த ராமன் தசரதன் மகன் அல்லன். உருவமற்ற பரம்பொருளுக்குக் கபீர் வழங்கிய பெயர். இதை வைத்து அவரை இந்து–முஸ்லிம் ஒற்றுமையின் தூதராகக் காட்டுவது பாடநூல்களின் வழக்கம். பாடல்களில் கேட்பதோ, பண்டிதரையும் முல்லாவையும் ஒரே மூச்சில் ஏசும் குரல். இரண்டையும் இணைத்துவைக்கும் சமரசத்தைவிட, இரண்டும் வேண்டாம் என்ற மறுப்பே அதில் மிகுதி.

இரு மதங்கள் என்ற கணக்கே அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. நாத யோகிகள் என்ற மூன்றாவது தரப்பும் அன்று வலுவாக இருந்தது. ஜுலாஹாக்கள் சில தலைமுறைகளுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவிய, இல்லறம் நடத்திய யோகியர் வகுப்பினர் என்று ஹஜாரி பிரசாத் துவிவேதி 1942இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அது ஊகம்தான், ஆனாலும் சகஜம், சூன்யம் போன்ற யோகச் சொற்கள் கபீரிடம் கடன் வாங்கியவை போல ஒலிப்பதில்லை. சூஃபிகளுக்கும் இவை அந்நியமல்ல. ‘அமிர்தகுண்டம்’ என்ற யோக நூல் அரபிக்குப் போனது. அதை 16ஆம் நூற்றாண்டில் குவாலியரின் சூஃபி முகம்மது கவுஸ் பாரசீகத்தில் விரித்தெழுதினார்.

கபீர் எதையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. வாய்வழியே பரவிய பாடல்களை மூன்று திசைகளில் மூன்று கூட்டத்தார் தொகுத்தார்கள். கிழக்கே கபீர்பந்திகளின் ‘பீஜக்’கில் இருப்பவர் குத்தலும் கிண்டலுமாய்ப் பேசும் கபீர். ராஜஸ்தானத்தில் தாதூ என்ற பக்தரின் வழிவந்த தாதூபந்திகள் திரட்டியதில் பிரிவாற்றாமையில் உருகும் பக்தர் தெரிகிறார். மூன்றாவது தொகுப்பு பஞ்சாபினுடையது. எது அசல் கபீர் என்று தேடுவதைவிட, யாருக்கு எந்தக் கபீர் தேவைப்பட்டார் என்று கேட்பது பயன் தரும்.

பஞ்சாபின் தொகுப்பைச் சீக்கியரின் ஐந்தாம் குரு அர்ஜன் 1604இல் நிறைவுசெய்தார்; ஏட்டில் எழுதியவர் பாயீ குர்தாஸ். பாடல்கள் பெரும்பாலும் ராக வரிசையில் அடுக்கப்பட்டன. குருமார்களின் பாடல்களோடு கபீர், தோல் தொழிலாளியான ரவிதாஸ், மராட்டியத்துத் தையற்காரர் நாம்தேவ், நாவிதர் சைன், சிஷ்தி சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றன. கைத்தொழில் செய்தவர்கள் இத்தனை பேர் ஒரு மறைநூலுக்குள் வந்தது சாதாரணச் செய்தியல்ல. அதற்காக வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று கொள்ள முடியாது. லாகூர் சூஃபி ஷா உசேனின் பாடல்களைக் குரு அர்ஜன் ஏற்கவில்லை என்று ஒரு மரபுச் செய்தி உண்டு.

உள்ளே வந்தவர்களோடும் வாதம் ஓயவில்லை. ஃபரீத் 13ஆம் நூற்றாண்டில் இன்றைய பாகிஸ்தானின் பாக்பட்டனில் வாழ்ந்தவர். டெல்லி நிஜாமுதீன் அவ்லியாவின் ஆசான். மூப்பும் மரணமும் அவர் பெயரில் உள்ள ஈரடிகளில் திரும்பத் திரும்ப வரும். தலைமுடி கருத்திருந்த காலத்தில் இறைவனை நாடாதவர், நரைத்த பின் நாடுவது அரிது என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து. அதற்கு அடுத்தே மூன்றாம் குரு அமர்தாஸின் பதில் நிற்கிறது: கருப்போ நரையோ, இறைவன் என்றும் இருக்கிறான், அன்பு நம் முயற்சியால் வருவதன்று, அவன் கொடுத்தால் வருவது. ஃபரீதின் வரியைத் திருத்தவில்லை, நீக்கவுமில்லை. மறுப்பைப் பக்கத்தில் வைத்தார்கள். கலப்பு என்ற சொல் இந்த ஏற்பாட்டுக்குப் போதாது. 1708இல் குரு கோவிந்த் சிங் இந்த மரபின் நூலையே குருவாக அறிவித்தார் என்பது சீக்கியர் நம்பிக்கை. அன்றிலிருந்து சீக்கியர் அதன் முன் தலைவணங்கும்போது ஃபரீதின் வரியும் அங்கே இருக்கிறது, அமர்தாஸின் மறுப்பும் இருக்கிறது.

காசியில் இறந்தால் முக்தி, மகர் என்ற ஊரில் இறந்தால் கழுதைப் பிறவி என்ற நம்பிக்கையை மறுத்துக் கபீர் மகருக்குப் போய் உயிர்விட்டார் என்பார்கள். உடலுக்காக இந்துக்களும் முஸ்லிம்களும் சண்டையிட, துணியை விலக்கியபோது பூக்களே இருந்தனவாம். ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் இந்தக் கதையில்கூட இரு தரப்பும் பூக்களைப் பங்கு பிரித்துக்கொண்டுதான் போகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் மகரில் இன்றும் கபீருக்கு இந்துக்களின் சமாதி ஒன்றும் முஸ்லிம்களின் மஜார் என்னும் கல்லறை மாடம் ஒன்றும் அருகருகே, தனித்தனிக் கட்டடங்களாக நிற்கின்றன.