செல்போன் காட்டும் உயரத்தை நம்பி வாய்க்கால் வெட்டலாமா?

மேலூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: ‘‘கிணற்று மேட்டிலிருந்து 300 மீட்டர் தள்ளியுள்ள வயலுக்கு மண் வாய்க்கால் வெட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து உயரம் பார்த்தால், செல்போனில் ஒரு செயலி 45 மீட்டர் என்கிறது. இன்னொன்று 138 மீட்டர் என்கிறது. எது சரி?’’

இரண்டும் உயரம்தான், எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால், நாகப்பட்டினம், சென்னை உட்பட 9 துறைமுகங்களில் அலைகளின் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகள் அளந்து, அவற்றின் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, 1909-ல் நாடு முழுமைக்குமான மட்டக் கணக்கை முடித்தது இந்திய நில அளவைத் துறை. கடற்கரையிலிருந்து மட்டக் கருவியாலும் அளவுகோலாலும் படிப்படியாக அளந்து வந்து, வழியெங்கும் ‘ஜி.டி.எஸ்.’ என்று பொறித்த கற்களை நட்டார்கள். ரயில் நிலையப் பலகையில் உள்ள உயரமும் கடல் மட்டக் கணக்குதான்.

செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. பூமியை வழவழப்பான முட்டை வடிவமாகப் பாவித்து, அதிலிருந்து எண்ணுகிறது. தென்னிந்தியப் பகுதியில் ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு. அதனால் இங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனை வடிவத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இது 106 மீட்டர் வரை போகிறது. இந்த வித்தியாசத்தைக் கூட்டிச் சொல்லும் செயலி 138 என்கிறது. கூட்டாதது 45 என்கிறது.

ஆனால், வாய்க்காலுக்கு இரண்டுமே உதவாது. செல்போன் கணக்கு சில மீட்டர்கள் மேலும் கீழுமாகத் தவறக்கூடியது. மண் வாய்க்காலில் தண்ணீர் ஓட 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவே போதும். செல்போனை நம்பிக் கூலி கொடுத்து வெட்டினால், தண்ணீர் கிணற்றுப் பக்கமே திரும்பி நிற்கலாம்.

தேவை, இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். 20 மீட்டர் நிறமற்ற டியூப்பில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் இருபுறமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து தண்ணீர் வரை கிணற்றுப் பக்கம் 80 சென்டிமீட்டர், வயல் பக்கம் 95 என்றால், வயல் பக்கம் 15 சென்டிமீட்டர் தாழ்வு. இப்படி 15 முறை நகர்த்தி, ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கழித்தால் 300 மீட்டருக்கும் கணக்கு கிடைத்துவிடும். திரும்பி வரும்போதும் அளந்து, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

வைகை அணையில் 71 அடி என்பதும் கடல் மட்டத்திலிருந்து எண்ணியதல்ல. அணைக்கென வைத்த பூஜ்யத்திலிருந்து எண்ணியது. யார் உயரம் சொன்னாலும், ‘எங்கிருந்து?’ என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்பது நல்லது.