‘கல்லு பட்டிருக்கும் சார்!’: எலெக்ட்ரிக் எஸ்யூவி-யின் கூரைக் கண்ணாடி உடைந்தால் பில் யாருக்கு?

பனோரமிக் சன்ரூஃப் நொறுங்கிய காரோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால், பெரும்பாலும் காதில் விழும் முதல் பதில் இதுதான்: “ஏதாவது கல்லு பட்டிருக்கும் சார், வாரன்டில வராது.” சரி என்று இன்ஷூரன்ஸ் பக்கம் போனால் அங்கே எதிர்க்கேள்வி: “எது பட்டுச்சு, எங்க பட்டுச்சு? அடிபட்ட அடையாளமே இல்லையே?” மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் நிற்பது, இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள்.

கண்ணாடி உடைவதைவிடப் பெரிய பிரச்சினை இந்த இழுபறிதான். ஏன் உடைந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நேரங்களில், அந்தச் சந்தேகத்தின் செலவு தானாகவே உரிமையாளர் தலையில் விழுகிறது. இது நியாயமில்லை. ஏன் என்று பார்ப்போம். நியாயம் கிடைக்கும்வரை நம் கையில் இருப்பதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்றும் பார்ப்போம்.

எலெக்ட்ரிக் காரில் ஏன் இவ்வளவு கண்ணாடி?

ஸ்டைல் ஒரு காரணம். இன்னொன்று, இடம். எலெக்ட்ரிக் காரின் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால் தரைமட்டம் கொஞ்சம் உயர்கிறது. உட்கார்ந்தால் தலைக்கு மேலே இடம் குறைகிறது. கூரையைக் கண்ணாடியாக்கினால் உள்ளே விசாலமாகத் தெரியும். திறக்காத, ஒட்டிவைத்த கண்ணாடிக் கூரை என்றால் மோட்டார், தண்டவாளம் எதுவும் வேண்டாம். இன்னும் ஓரிரு சென்டிமீட்டர் மிச்சம்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கில் பனோரமிக் சன்ரூஃப் உண்டு. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களில் கண்ணாடிக் கூரை உண்டு. இவற்றில் கோளாறு இருக்கிறது என்று சொல்லவரவில்லை. ஒரு காலத்தில் சொகுசுக் கார்களில் மட்டும் இருந்தது இன்று எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதற்கு இவை உதாரணம். கூரையில் கண்ணாடி பெரிதாகப் பெரிதாக, அடிபடும் பரப்பும் பெரிதாகிறது. மாற்றும்போது வரும் பில்லும்தான்.

வெயில் மட்டும் உடைக்குமா?

கார்களில் இரண்டு வகைக் கண்ணாடி இருக்கிறது. முன்பக்க விண்ட்ஷீல்டு லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் சிலந்தி வலைபோல விரிசல் விட்டு அப்படியே நிற்கும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி முன் கண்ணாடி இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று டெம்பர்டு. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை அடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேல்பரப்பு இறுக்கமாகவும் உள்பகுதி இழுவிசையோடும் உறைந்துவிடும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம். ஆனால் அந்த இறுக்கம் ஓர் இடத்தில் உடைந்தால், உள்ளே தேங்கிக் கிடக்கும் விசை மொத்தமாக வெளியேறும். முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டுபோலச் சிதறும். பட்டாசு வெடித்ததுபோன்ற அந்தச் சத்தத்துக்குக் காரணம் இதுதான். பல சன்ரூஃப்கள் இந்த வகைதான்.

“அக்னி நட்சத்திர வெயில்ல வெடிச்சிருச்சு” என்று பலர் சொல்வார்கள். நல்ல நிலையில் இருக்கும் டெம்பர்டு கண்ணாடி சுமார் 200 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டையே தாங்கக்கூடியது. எனவே வெயில் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வெயில் பெரும்பாலும் கடைசித் தள்ளு மட்டுமே. அதற்கு முன்பே வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

அந்த ‘வேறு ஏதோ’ பல வகை. எப்போதோ பட்ட சிறு கல் ஒரு பொட்டுத் தழும்பை விட்டுப்போயிருக்கலாம். பொருத்தும்போது ஓரத்தில் நுண்ணிய சேதம் ஏற்பட்டிருக்கலாம். சட்டகம் கண்ணாடியை முறுக்கிக்கொண்டே இருக்கலாம். கண்ணாடி தயாரிக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துகள் காலப்போக்கில் மெல்ல மெல்லப் பருத்து, உள்ளிருந்தே கண்ணாடியை உடைக்கும். கட்டடக் கண்ணாடித் துறையில் இது நன்கு தெரிந்த விஷயம். அதைக் களையெடுக்க, கண்ணாடியை மீண்டும் சூடாக்கிப் பார்க்கும் ‘ஹீட் சோக்’ சோதனையே தனியாக இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1995 முதல் 2017 வரை சன்ரூஃப் வெடித்ததாக அரசிடம் வந்த புகார்களை ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் எண்ணிப் பார்த்தது. குறைந்தது 859 புகார்கள். பல நிறுவனங்களின் கார்கள் அதில் இருந்தன. தென்கொரியா இந்தப் பிரச்சினையை ஐ.நா.வின் வாகன விதிமுறை அமைப்புவரை கொண்டுபோனது. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கறுப்பு செராமிக் பெயிண்ட் அந்தப் பகுதியின் பலத்தைக் குறைக்கிறது என்பது அவர்களின் வாதம்.

முதல் ஒரு மணி நேரம்

உடைந்த உடனே நீங்கள் செய்வதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

1. பதறி பிரேக் அடிக்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஓரம்கட்டுங்கள். சன்ஷேடு மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். திறந்தால் துண்டுகள் தலையில் கொட்டும். தூள் தண்டவாளத்தில் சிக்கினால் மோட்டார் செலவும் சேர்ந்துகொள்ளும்.

2. துடைப்பதற்கு முன் போட்டோ, வீடியோ. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். கண்ணாடி சட்டத்தில் மிச்சம் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் க்ளோசப் எடுங்கள். விரிசல்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். கிளம்பும் புள்ளியில் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அது உள்ளிருந்து உடைந்ததற்கான முக்கியத் தடயம். கல் பட்டிருந்தால் அந்த இடத்தில் நசுங்கிய, பொடிந்த புள்ளி இருக்கும்.

3. துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தவரை ஒரு டப்பாவில் சேகரித்து வையுங்கள். கல்லோ வேறு பொருளோ காருக்குள் கிடக்கிறதா என்று தேடி, கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் அதையும் வீடியோவில் பதிவு செய்யுங்கள். டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை உடனே தனியாகச் சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த பதிவு அதன் மேலேயே ஏறிவிடும்.

4. மழைக்கு மறைப்பு. பேட்டரி பேக் நீர் புகாதபடி சீல் செய்யப்பட்டது. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஒயரிங், கனெக்டர்கள் இருக்கும். கார்ப்பெட் ஊறினால் புதுப்புது எர்ரர் மெசேஜ்கள் வரிசைகட்டும். கெட்டியான பாலிதீன் ஷீட்டைப் போட்டு மூடுங்கள்.

5. டோ செய்வதென்றால் ஃபிளாட்பெட் மட்டும். சக்கரம் தரையில் உருள எலெக்ட்ரிக் காரை இழுத்துப் போனால் மோட்டார் பகுதி பாதிக்கப்படலாம்.

தெருமுனைக் கடையில் சீக்கிரம் மாட்டித் தருகிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள். பல கார்களில் கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வாரன்டியா, இன்ஷூரன்ஸா?

முதலில் வாரன்டி. “வெளியிலிருந்து அடிபட்டது” என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், அதை வாய்மொழியாக ஏற்காதீர்கள். “எந்த இடத்தில் அடிபட்டிருக்கு? போட்டோவோட எழுத்துல கொடுங்க” என்று கேளுங்கள். உங்கள் புகாரையும் இமெயிலில் அனுப்புங்கள். நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் போகட்டும்.

அடுத்து இன்ஷூரன்ஸ். ஓன் டேமேஜ் பாலிசியில் வெளிக்காரணத்தால் நேர்ந்த விபத்துச் சேதம் கவர் ஆகும். தேய்மானமும், இயந்திர, மின் பழுதும் கவர் ஆகாது. நல்ல செய்தி, வழக்கமான பாலிசியில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு பூஜ்யம். ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கட்டாயக் கழிவுத்தொகையும் உண்டு.

இங்கே ஒரு பொறி. “கல்லு விழுந்துச்சுனு எழுதிக் கொடுங்க சார், க்ளெய்ம் ஈஸியா பாஸ் ஆயிடும்” என்று யாராவது நல்லெண்ணத்தோடு யோசனை சொல்லலாம். எழுதிக் கொடுத்தால் வாரன்டி கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். பொய் என்று தெரிந்தால் க்ளெய்மும் போகும். எதுவும் பட்டதை நீங்கள் பார்க்கவில்லை என்றால், “ஓடிக்கொண்டிருக்கும்போது உடைந்தது, எதுவும் மோதியதைப் பார்க்கவில்லை” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

“இன்ஷூரன்ஸ்தானே கொடுக்குது, உங்களுக்கென்ன நஷ்டம்?” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 30,000 ரூபாய், நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 15,000 ரூபாய் தள்ளுபடி. ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐ எட்ட வேண்டும். பிரீமியம் மாறாது என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து ஆண்டுகளில் இழப்பு 15,000 + 9,000 + 7,500 + 4,500 + 1,500. மொத்தம் 37,500 ரூபாய். உங்கள் தவறு இல்லாத ஒன்றுக்கு நீங்கள் சத்தமில்லாமல் கட்டும் தொகை இது.

அதனால் க்ளெய்ம் போடுமுன் இந்தத் தொகையையும் ரிப்பேர் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தால் கவலை குறைவு. பாலிசி புதுப்பிக்கும்போதே “கண்ணாடி கவர்ல சன்ரூஃபும் வருமா?” என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

மறுத்துவிட்டால்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அனுப்புவதற்குத் துண்டு வேண்டுமே! டப்பாவில் எடுத்து வையுங்கள் என்றது இதற்காகத்தான்.

இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழுத்தடித்தால் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம்; பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். அவரது அலுவலகம் சென்னையிலும் உண்டு.

என்ன மாற வேண்டும்?

கார் நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல் பட்டு உடையும் கூரைகள் உண்மையிலேயே நிறைய. டிப்பர் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். லேமினேட்டட் கண்ணாடிக்குச் செலவும் கூடுதல். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் காருக்கு அந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது யார்? சப்ளையரைத் தேர்ந்தெடுத்தது, சோதித்தது, ஃபேக்டரியில் பொருத்தியது யார்? தரவு எல்லாம் நிறுவனத்திடம் இருக்கிறது. வாங்கியவரிடம் இருப்பது ஒரு டப்பா கண்ணாடித் துண்டும் செல்போன் போட்டோவும்தான். சந்தேகம் என்று வந்தால், அதன் பலன் யாருக்குப் போக வேண்டும்?

மூன்றே கோரிக்கைகள். ஒன்று, கூரைக் கண்ணாடி டெம்பர்டா லேமினேட்டடா என்பதை பிரோஷரிலேயே போடுங்கள். திரையின் அளவை அங்குலக் கணக்கில் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. இரண்டு, அடிபட்ட புள்ளியை நிறுவனத்தால் காட்ட முடியாவிட்டால், வாரன்டி காலத்தில் இலவசமாக மாற்றித் தாருங்கள். மூன்று, அரசுக்கு: முன் கண்ணாடிக்கு லேமினேட்டட் கட்டாயம் என்ற விதி எழுதப்பட்ட காலத்தில் கூரை என்பது தகரம். இன்று குழந்தைகள் உட்காரும் பின்சீட்டுக்கு மேலேவரை கண்ணாடி நீள்கிறது. விதியும் கொஞ்சம் மேலே பார்க்கட்டும்.

அதுவரை புது கார் பார்க்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் கூரைக் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். பல கார்களில் எந்த வகை என்று அங்கே அச்சிட்டிருக்கும். தெரியவில்லை என்றால் சேல்ஸ் எக்சிக்யூட்டிவிடம் கேளுங்கள்: “இது தானா உடைஞ்சா வாரன்டில வருமா? எழுதிக் கொடுப்பீங்களா?” பத்துப் பேர் கேட்டால் ஷோரூமில் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் தலைமை அலுவலகம் பதில் தயார் செய்யும்.