பத்து நிமிஷம் ஊறணும்

போன மாதம் அம்மாவை ஜி.எச்.சில் சேர்த்திருந்தோம். இரவு பதினொன்றரை இருக்கும். டீ வாங்க வெளியே வந்தபோது, பின்பக்கக் குழாயடியில் ஒரு நூற்றியெட்டு வண்டி கதவுகளை அகலத் திறந்துபோட்டு நின்றது. ஆக்சிடென்ட் கேஸை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். பைலட், அதாவது வண்டியின் டிரைவர், பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இ.எம்.டி. என்கிற மருத்துவ உதவியாளர்; சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

ரத்தத்தில் நனைந்த பஞ்சு மஞ்சள் பைக்குள் போனது. ஊசி, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்குள். தரையில் தேங்கிய ரத்தத்தின் மேல் பழைய பேப்பரைப் பரப்பி, அது முழுக்க நனையும்படி ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊற்றிவிட்டு அந்தப் பெண் ஒதுங்கி நின்றார். குளோரின் வாடை டீக்கடை வரை வந்தது.

வார்டு வாசலிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார். "என்னம்மா, வண்டி சும்மாதானே நிக்குது? எங்கப்பாவ மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க. எடுக்கக் கூடாதா?"

"பத்து நிமிஷம் ஊறணும்ணே. உங்கப்பாவுக்காகத்தான் பண்றோம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்குப் பத்து நிமிஷம் என்பது பத்து மணி நேரம். ஆனாலும் அந்தப் பெண் சொன்னதுதான் சரி. உலர்ந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி கிருமி குறைந்தது ஏழு நாள் உயிரோடு கிடக்கும். ஹைப்போவைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டால் வாடைதான் மிஞ்சும், கிருமி சாகாது. ரத்தமே குளோரினைத் தின்றுவிடும் என்பதால் ஒரு தடவை ஊற்றினாலும் போதாது. ஊறிய பேப்பரை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, மறுபடி ஹைப்போ. ஐந்து சதவீத ஹைப்போ என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர்; அதையும் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நேற்றுக் கலந்தது இன்றைக்கு வீரியம் இழந்திருக்கும்.

நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது தரையை அல்ல, பெல்ட்டுகளை. ரெக்சின் மெத்தையைத் துடைப்பது சுலபம், அது எங்கும் கிழியாமல் இருந்தால். ஸ்ட்ரெச்சர் பெல்ட் அப்படியில்லை. நைலான் நெசவு, தையலுக்குள்ளும் பக்கிளின் இடுக்கிலும் ரத்தம் இறங்கிவிடும். பைலட் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, அந்தப் பெண் ஒரு சின்னப் பிரஷ்ஷால் தையல் தையலாகத் தேய்த்தார். அலசிய தண்ணீர் முதலில் சிவப்பாக, பிறகு வெளிர் ரோஸாகப் போனது. தெளிகிறவரை அவர் விடவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அப்பாவை ஒரு தனியார் வண்டியில் கொண்டுபோனோம். அவர் நெஞ்சின் குறுக்கே போட்ட பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஏதோ காய்ந்து, அட்டை மாதிரி விறைத்திருந்தது. அது உடம்பில் படாமல் இருக்க வழி நெடுக என் கையை இடையில் கொடுத்துக்கொண்டே போனேன். யாருடைய ரத்தம் என்று இன்றைக்கும் நினைப்பு வரும்.

கண்ணுக்குத் தெரிகிற ரத்தமாவது கழுவச் சொல்லிக் கேட்கும். தெரியாதவை எத்தனை! நாளெல்லாம் கைக்குக் கை மாறுகிற பி.பி. பட்டை, ஒவ்வொருவர் விரலாகக் கவ்வுகிற ஆக்சிமீட்டர் கிளிப், கையுறையோடே பிடித்துத் திறந்த கதவுக் கைப்பிடி. ஆக்சிஜன் குமிழிடுகிற பாட்டிலில் பழைய தண்ணீர் கிடந்தால், அது மூச்சோடு நேரே நுரையீரலுக்குப் போகும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் வந்தது. வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்து சேர்ந்தது என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கழுவ எத்தனை நிமிஷம் கொடுத்தோம் என்றும் கேட்க வேண்டும். அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் ஏற வேண்டும். ஒவ்வொரு ஜி.எச்.சிலும் ஆம்புலன்ஸ் கழுவவென்றே ஒரு தளம், நல்ல விளக்கு, குழாய், கழிவுநீரைச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகிற வாய்க்கால் கட்டித் தர வேண்டும். அன்றைக்கு ரோஸ் நிறத் தண்ணீர் வேப்பமரத்தடி மண்ணுக்குள்தான் போனது.

தரை காய்ந்தது. அந்தப் பெண் பெல்ட்டுகளை உலர்ந்த துணியில் அழுத்தித் துடைத்து மாட்டினார். கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். பிறகு வாசலில் நின்றவரைப் பார்த்து, "அப்பாவக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்றார்.